வேட்டையபுரமும் எட்டயபுரமும்: ‘சந்திரமுகி’ திரைப்படத்தில் ஜமீன் அரண்மனை, மொழி, அச்சம்

ஆய்வுச்சுருக்கம்

2005ஆம் ஆண்டு வெளியான ‘சந்திரமுகி’ தமிழில் பெருவெற்றி பெற்ற உளவியல் அச்சப் படமாகும். கதை நிகழும் ‘வேட்டையபுரம்’ அரண்மனை கற்பனையே. ஆயினும் ஜமீன்தார், நாட்டியப்பெண், தெலுங்குப் பாடல் ஆகிய அதன் மூன்று கூறுகளும் தென் தமிழகத்துப் பாளைய வரலாற்றில் இடம் உடையவை. அவ்வரலாற்றுக்குச் சான்றாக எட்டயபுரம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஜமீன் அரண்மனையில் வீட்டுமொழியாகவும் இசைமொழியாகவும் இருந்த தெலுங்கு, படத்தில் அந்நிய மொழியாகவும் நோயின் அறிகுறியாகவும் மாறுகிறது. இம்மாற்றமே படம் எழுப்பும் அச்சத்தின் வரலாற்று அடித்தளம் என்பதும், படத்தின் நீடித்த ஈர்ப்புக்கு அது ஒரு முதன்மைக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சந்திரமுகி, மணிச்சித்திரத்தாழ், எட்டயபுரம், ஜமீன், தெலுங்கு, தேவதாசி ஒழிப்பு, உளவியல் அச்சம், தமிழ்த் திரைப்பட வரலாறு.

1. முன்னுரை

பி. வாசு இயக்கத்தில் சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் தயாரித்த ‘சந்திரமுகி’ 2005 ஏப்ரல் 14 அன்று, தமிழ்ப் புத்தாண்டு நாளில் வெளியானது. சென்னை அண்ணா சாலையில் இருந்த சாந்தி திரையரங்கில் 800 நாள்களைக் கடந்து ஓடியது. ரஜினிகாந்தின் நட்சத்திர மதிப்பு இவ்வெற்றிக்குப் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் நட்சத்திர மதிப்பு ஒன்றே காரணமெனின், அதே நடிகரின் பிற படங்கள் அனைத்தும் இதே வகையில் நினைவில் நின்றிருத்தல் வேண்டும். மேலும், இக்கதை அந்நடிகர் இல்லாத மலையாளம், கன்னடம், இந்தி ஆகிய மொழிகளிலும் வெற்றி பெற்றுள்ளது. ஆகவே ஈர்ப்பின் காரணத்தைக் கதையின் அமைப்பிலும் தேட வேண்டியுள்ளது.

இக்கதையை ஆராய்வோர் பெரும்பாலும் உளநோய்ச் சித்திரிப்பு சரியா தவறா என்ற கேள்வியுடனோ, பேய்நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான முரண் என்ற கேள்வியுடனோ நின்றுவிடுகின்றனர். அச்சம் எந்த இடத்தில், எந்த மொழியில் எழுகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை. அரண்மனையின் பெயர் வேட்டையபுரம். தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்துடன் அது ஒலியளவில் நெருங்கி நிற்கிறது. இப்பெயர் ஒப்புமையைச் சான்றாகக் கொள்வதற்கில்லை. படைப்பாளர் எட்டயபுரத்தை மனத்தில் கொண்டார் என்பது இங்கு வாதமும் அன்று. தமிழ்ப் பார்வையாளர் மனத்தில் ‘ஜமீன் அரண்மனை’ என்னும் சொல் எத்தகைய வரலாற்றைச் சுமந்து நிற்கிறது என்பதை அளந்தறிய, ஆவணங்கள் மிகுந்த ஓர் உண்மையான ஜமீன் தேவைப்படுகிறது. அந்நோக்கிலேயே எட்டயபுரம் இங்கு ஒப்பிடப்படுகிறது.

2. கதையும் நோய்க்குறியும்

செந்தில்நாதன் என்பவர் ஊரார் எச்சரிக்கையை மீறி வேட்டையபுரம் அரண்மனையை விலைக்கு வாங்கிக் குடியேறுகிறார். அங்குப் பூட்டப்பட்டிருந்த அறையொன்றை அவருடைய மனைவி கங்கா திறக்கிறாள். முற்காலத்தில் அவ்வரண்மனையை ஆண்ட வேட்டையன், தெலுங்கு நாட்டிலிருந்து சந்திரமுகி என்னும் நாட்டியப்பெண்ணைக் கொண்டுவந்து வைத்திருந்தான் என்பதும், அவள் குணசேகரன் என்னும் நாட்டியக் கலைஞனைக் காதலித்தாள் என்பதும், வேட்டையன் அவனது தலையை வெட்டி அவளை உயிருடன் எரித்தான் என்பதும் முன்கதை. அறை திறக்கப்பட்டபின் இரவில் சலங்கை ஒலியும் தெலுங்குப் பாடலும் கேட்கின்றன. தோட்டக்காரர் குடும்பத்துப் பெண் துர்கா மீது ஐயம் விழுகிறது. செந்திலின் நண்பரான மனநல மருத்துவர் சரவணன், பேய் எதுவும் இல்லை, கங்காவே தன்னைச் சந்திரமுகியாக உணரும் நோய்க்கு ஆளாகியிருக்கிறாள் என்று கண்டறிகிறார்.

படம் இதனை ஆளுமைப் பிளவு என்று விளக்குகிறது. பொதுவழக்கில் இது மனச்சிதைவு நோயுடன் குழப்பப்படுவதுண்டு, இரண்டும் வேறானவை. முன்னர்ப் பல்லாளுமைக் கோளாறு எனப்பட்ட இந்நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடு விலகல்நிலை அடையாளக் கோளாறு என்று பெயர் மாற்றியது. ஒருவர் தம் நினைவிலிருந்தும் அடையாளத்திலிருந்தும் விலகி மற்றொருவராக நடந்துகொள்வதே இதன் இயல்பு. மருத்துவ வழக்கில் இந்நிலை பெரும்பாலும் நோயாளியின் சொந்த இளமைத் துயரங்களோடு இணைத்து விளக்கப்படும். படத்திலோ கங்காவின் சொந்தத் துயரம் பின்னணிக்குச் செல்ல, முன்னணியில் நிற்பது ஓர் அரண்மனையின் துயரமாகும். அவள் தனக்குரியதல்லாத ஒரு வரலாற்றை நினைவுகூர்கிறாள். எனவே, நோய் என்று படம் பெயரிடுவது ஒருவகையில் வரலாற்று நினைவே எனலாம்.

3. மொழிகள் தோறும் மாறும் நாட்டியப்பெண்

இக்கதையின் மூலம் 1993 டிசம்பரில் வெளியான மலையாளப் படமான ‘மணிச்சித்திரத்தாழ்’. மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கினார். கங்காவாக நடித்த ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். இப்படத்தின் பல காட்சிகள் பத்மநாபபுரம் அரண்மனையிலும் திருப்பூணித்துறை மலை அரண்மனையிலும் படமாக்கப்பட்டன. இவற்றுள் பத்மநாபபுரம், 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தின் பகுதியாகிய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அரண்மனையின் நிருவாகம் மட்டும் கேரள அரசிடம் இருக்கிறது. மொழி எல்லை வகுக்கப்பட்ட விதத்துக்கு அவ்வரண்மனையே ஒரு சான்றாகும்.

மலையாள மூலத்தில் நாட்டியப்பெண்ணின் பெயர் நாகவல்லி. அவள் தஞ்சாவூரைச் சேர்ந்த தமிழ்ப்பெண். மலையாளக் குடும்பம் தமிழைக் கேட்டு அஞ்சுகிறது. அவள் ஆடும் பாடலின் தமிழ்ப்பகுதியை வாலியும் மலையாளப் பகுதியைப் பிச்சு திருமலையும் எழுதினர். நாகவல்லியின் தமிழ்க்குரலைத் தந்தவர் தனியொரு பின்னணிக் கலைஞர். ஓர் உடலில் இரு பெண்கள் என்ற கதையை இரு மொழிகளும் இரு குரல்களும் தாங்கி நின்றன.

பி. வாசு இக்கதையை முதலில் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004) என்ற பெயரில் எடுத்தார். அங்கு நாட்டியப்பெண் தெலுங்கு பேசுபவளாக மாற்றப்பட்டாள். அடுத்த ஆண்டு தமிழில் வந்த சந்திரமுகியும் அவ்வாறே அமைந்தாள். அவளுக்குரிய தெலுங்குப் பாடலைப் புவனசந்திரா எழுதினார், வித்யாசாகர் இசையமைத்தார். பிரியதர்ஷன் இயக்கிய இந்திப் படமான ‘பூல் புலையா’வில் (2007) அவள் வங்காளி. ‘சந்திரமுகி’யின் தெலுங்கு மொழிமாற்றுப் பதிப்பில் தெலுங்குப் பாடலுக்கு மாற்றாகத் தமிழ்ப்பாடல் இடம்பெற்றது.

இவ்வரிசை ஒரு விதியைப் புலப்படுத்துகிறது. எந்த மொழியில் படம் எடுக்கப்படுகிறதோ, அம்மொழி பேசுவோர் அறிந்த, ஆனால் தமதென ஏற்காத மொழியிலேயே இறந்த பெண் பேசுகிறாள். முற்றிலும் அறியாத மொழி அச்சம் தராது. புரியாமை மட்டுமே தரும். பாதி புரியும் மொழியே அச்சம் தருகிறது. சிக்மண்ட் ஃபிராய்டு 1919இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், மனத்தை நடுங்கச் செய்யும் விநோத உணர்வு முற்றிலும் புதியதிலிருந்து எழுவதில்லை என்றும், முன்பு வீட்டுக்குரியதாக இருந்து பின்னர் ஒடுக்கி மறக்கப்பட்டது மீண்டு வரும்போதே எழுகிறது என்றும் விளக்கினார். தமிழக ஜமீன் அரண்மனையில் தெலுங்கு அத்தகையதா என்பதே அடுத்து எழும் வினா.

இங்கு ஒரு தடை எழலாம். தெலுங்கு என்ற தெரிவு கன்னடப் படத்திலிருந்து வந்தது. தமிழக வரலாற்றை எண்ணிச் செய்யப்பட்டதன்று. இது உண்மையே. ஆயினும் ஒரு தெரிவு எங்கிருந்து வந்தது என்பதும், வந்த இடத்தில் அது ஏன் வேர்கொண்டது என்பதும் இருவேறு கேள்விகள். மலையாள மூலத்துக்கும் இது பொருந்தும். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் (1813–1846) அவையில் சிறப்புற்றிருந்தார். தஞ்சையிலிருந்து திருவிதாங்கூருக்கு ஆடற்கலை சென்ற வழி வரலாற்றில் உண்டு. நாகவல்லி அவ்வழியில் வந்த கற்பனைப் பாத்திரம். சந்திரமுகிக்கும் அத்தகைய ஒரு வழி தமிழகத்தில் இருந்தது.

4. எட்டயபுரம்: ஒரு ஜமீனின் மொழிகள்

மதுரை நாயக்கர் ஆட்சியில் தென்னாடு 72 பாளையங்களாக வகுக்கப்பட்டது. அவற்றுள் எட்டயபுரமும் ஒன்று. எட்டப்பர் என்ற பட்டம் தாங்கிய இதன் ஆட்சியாளர்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கம்பளத்து நாயக்கர் மரபினர். தம் முன்னோர் சந்திரகிரிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் குடிமரபு. 1799இல் நிகழ்ந்த பாளையக்காரர் போரில் எட்டயபுரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கம் நின்றது. 1803ஆம் ஆண்டு நிலவரி ஏற்பாட்டின்வழிப் பாளையங்கள் ஜமீன்களாயின. படை நடத்திய பாளையக்காரர் வரி தண்டும் நிலக்கிழாராக மாறினார். போர்த்தொழில் இழந்த அரண்மனைகள் தம் பெருமையைக் கலைப் புரப்பில் காட்டலாயின.

எட்டயபுரம் இதில் தலைசிறந்து நின்றது. முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக்காலத்தில் இவ்வூருக்கு வந்து 1835இல் இங்கேயே மறைந்தார். அவருடைய நினைவிடம் ஊரில் உள்ளது. அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். அம்மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் (1839–1906) தொகுத்த ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் அச்சேறியது. கருநாடக இசையின் கீர்த்தனைகளையும் வர்ணங்களையும் பிறவற்றையும் சுரக்குறிப்புடன் தந்த அப்பெருநூல் தெலுங்கு மொழியில், தெலுங்கு எழுத்தில் அமைந்தது. பாரதி பிறந்த ஊரில், பாரதி அரண்மனைப் பணியை விட்டு வெளியேறிய காலத்தில், தெலுங்கு நூலொன்று அச்சாகிக்கொண்டிருந்தது என்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். அன்றைய எட்டயபுரத்தார்க்கு அதில் வியப்பு ஏதும் இருந்திருக்க இயலாது.

அரண்மனையில் தமிழும் வடமொழியும் தெலுங்கும் அருகருகே இயங்கின. ஜமீன் வரலாற்றைக் கவிகேசரி சுவாமி தீட்சிதர் 1879இல் ‘வம்சமணி தீபிகை’ என்ற பெயரில் தமிழில் எழுதினார். கீர்த்தனைகள் வடமொழியிலும் தெலுங்கிலும் பாடப்பட்டன. ஆட்டத்துக்குரிய பதங்களும் சாவளிகளும் தமிழ்நாடு முழுவதிலும் பெருமளவு தெலுங்கிலேயே வழங்கின. க்ஷேத்திரய்யரின் பதங்கள் தமிழக ஆடல்மகளிரின் பயிற்சியில் நிலைபெற்றிருந்தன. இவ்வகையில் நோக்கின், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜமீன் அரண்மனையொன்றில் இரவில் சலங்கை ஒலியுடன் தெலுங்குப் பாடல் கேட்டால், அது இயல்பான நிகழ்ச்சி. கேளாமற் போயிருந்தால் மட்டுமே யாரேனும் காரணம் வினவியிருப்பர்.

5. அரசன் தமிழனான கதை

இவ்வரலாற்றை நினைவிற் கொண்டு படத்தை மீளப் பார்த்தால் ஒரு தலைகீழ் மாற்றம் தெரிகிறது. படத்தில் வேட்டையன் தமிழன். சந்திரமுகி மட்டுமே தெலுங்குக்காரி. அவள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவள். அவளுடைய மொழி அரண்மனைக்குப் புறம்பானது. எட்டயபுரம் போன்ற பாளையங்களில் அரசக் குடும்பத்தின் வீட்டுமொழியே தெலுங்கு. மொழியால் அரசனும் நாட்டியப்பெண்ணும் ஒரே பக்கத்தில் நின்றிருப்பர். அவர்களுக்கு இடையிலான வேறுபாடு மொழியால் அமைந்ததன்று, அதிகாரத்தால் அமைந்தது.

பாளையக்காரர்களைத் தமிழ்மொழியின் முழக்கமாக மாற்றிய செயலைத் தமிழ்த் திரை இதற்கு முன்னரே செய்திருந்தது. பி. ஆர். பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) அதற்குத் தக்க சான்று. தெலுங்கு பேசும் கம்பளத்தார் மரபில் பிறந்த கட்டபொம்மன், சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடல் வழியாகவும் சிவாஜி கணேசனின் குரல் வழியாகவும் செந்தமிழ் வீரனாக நிலைபெற்றார். அதே மரபைச் சேர்ந்த எட்டயபுரத்தாரின் பட்டப்பெயர் துரோகத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாக மக்கள் வழக்கில் உறுதிப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்து, 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்த பின் வந்த தலைமுறைக்கு, தமிழ்மண்ணின் அரசன் தெலுங்கு பேசினான் என்பது எண்ணிப் பார்க்கக் கடினமான ஒன்றாயிற்று. மொழிவழி அடையாளம் அரசியல் உரிமைகளைப் பெற்றுத் தந்தது. அதனுடன் பன்மொழி அரண்மனையின் நினைவையும் மங்கச் செய்தது.

மங்கிய அந்நினைவே 2005இல் கங்காவின் வாயில் தெலுங்காக வெளிப்படுகிறது. கணவன் அறியாத மொழியை மனைவி பேசுகிறாள், வீடு நடுங்குகிறது. வரலாற்றில் அவ்வரண்மனையின் அன்றாடமாக இருந்தது, படத்தில் நோயின் முதல் அறிகுறியாகிறது. பார்வையாளர் அப்பாடலை அந்நியமாக உணர்ந்து அஞ்சுகின்றனர். அதே வேளையில் அதன் இராகத்தையும் தாளத்தையும் தமக்கு மிக நெருங்கியவையாக உணர்ந்து விரும்புகின்றனர். தமிழகத்து இசை மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளை இன்றும் கேட்டுப் பழகிய செவிகள் அவை. அச்சமும் விருப்பமும் ஒரே பாடலில் கூடுவதற்குக் காரணம் இதுவே.

6. இரு சட்டங்களும் இரு பேய்களும்

அரண்மனைக் கதையின் மையப் பாத்திரங்கள் ஜமீன்தாரும் நாட்டியப்பெண்ணும் ஆவர். இவ்விருவரின் சமூகநிலையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் சென்னைச் சட்டசபையில் தொடங்கிய முயற்சி, 1947ஆம் ஆண்டு சென்னைத் தேவதாசிகள் (பொட்டுக்கட்டுதல் தடுப்பு) சட்டமாக நிறைவுற்றது. 1948இல் எஸ்டேட்டுகளை ஒழித்து இரயத்துவாரியாக மாற்றும் சட்டம் வந்தது. முன்னது கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கைக் குறித்தது. அரண்மனை ஆட்டக்காரியை நேரடியாகக் குறித்தது அன்று. எனினும் கோயிலுக்கும் அரண்மனைக்கும் பொதுவாக இருந்த ஆடல்மகளிர் குடும்பங்களின் வாழ்முறை அதனுடன் மாறியது. பின்னது ஜமீன்தாரின் வரி உரிமையை நீக்கியது; அரண்மனைக் கட்டடத்தை நீக்கவில்லை. வருவாய் நின்றபின் சுவர்கள் மட்டும் நின்றன. பராமரிப்பின்றி வௌவால் அடையும் ‘ஜமீன் பங்களா’ தமிழ்த் திரையின் அச்சவெளியாக மாறியது இதன் பின்னரே.

இதற்குச் சிறந்த முன்னோடி ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963). மகன் எளிய குடும்பத்துப் பெண்ணைக் காதலித்ததைப் பொறாத ஜமீன்தார், காதலர் மறுபிறவி எடுத்த பின்னும் முதுமையின் எல்லையில் உயிருடன் இருந்து அவர்களை அழிக்க முயல்கிறார். நம்பியார் அவ்வேடத்தை ஏற்றார். காதலர் இறந்து பிறக்கின்றனர். ஜமீன்தார் மட்டும் இறக்கவில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து 15 ஆண்டுகளே ஆன நிலையில், சாவாத ஜமீன்தார் என்னும் உருவம் பார்வையாளர்க்கு உணர்த்தியது எது என்பதை ஊகிப்பது அரிதன்று. படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், அடுத்த ஆண்டு வைக்கம் முகம்மது பஷீரின் எழுத்தில் ‘பார்கவி நிலையம்’ என்னும் மலையாளப் படத்தை இயக்கினார். கைவிடப்பட்ட மாளிகையும் அதில் அநீதியாய் இறந்த பெண்ணும் என்ற கதைக்கரு தமிழிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் மாறி மாறிப் பயணம் செய்தது. 1993இன் மூலப்படமும் அதன் தமிழ் வடிவமும் இப்பயணத்தின் பிற்பட்ட கட்டங்களாகும்.

இரு பேய்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. 1963இல் அச்சம் தருபவர் ஒடுக்கியவர். 2005இல் அச்சம் தருபவள் ஒடுக்கப்பட்டவள். எரித்தவனைக் காட்டிலும் எரிக்கப்பட்டவளே அஞ்சத்தக்கவளாகிறாள். இவ்விடப்பெயர்ச்சி கருதத்தக்கது. நாட்டியப்பெண் தன் குரலில் பேசிய தமிழ் எழுத்து இல்லாமற் போகவில்லை. தாசியாக வளர்க்கப்பட்டு அதிலிருந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எழுதிய ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ என்னும் நாவல் 1936இல் வெளிவந்தது. அதில் தாசி குலத்துப் பெண்கள் சிந்திக்கின்றனர், வாதிடுகின்றனர், மாநாடு கூட்டுகின்றனர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்வந்த படத்தில் அவளுக்கு எஞ்சியிருப்பவை ஒரு பாடலும் ஒரு வஞ்சினமும் மட்டுமே.

7. அரண்மனைச் சிரிப்பு: பாரதியும் திரையும்

‘சந்திரமுகி’யின் ஈர்ப்பை அச்சத்தால் மட்டும் விளக்க இயலாது. வடிவேலு ஏற்ற முருகேசன் பாத்திரத்தின் நகைச்சுவைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அரண்மனையைச் சிரிப்புக்கிடமாக்கும் மரபுக்கும் எட்டயபுரம் ஓர் ஊற்று. சிறு பருவத்தில் ‘பாரதி’ பட்டம் பெற்ற அவையிலேயே காசியிலிருந்து திரும்பிய சுப்பிரமணியன் பணியாற்றினார். 1904இல் அதனை விட்டு மதுரைக்கும் பின்னர்ச் சென்னைக்கும் சென்றார். அவர் எழுதி முற்றுப்பெறாத ‘சின்னச் சங்கரன் கதை’ ஜமீன்தாரையும் அவரைச் சூழ்ந்த புலவர் கூட்டத்தையும் எள்ளி நகையாடுகிறது.

இரு சிரிப்புகளின் இலக்கு வேறு. பாரதியின் கதையில் சிரிப்புக்குரியவர் அரியணையில் இருப்பவர். திரைப்படத்தில் சிரிப்புக்குரியவர் அரண்மனையைக் கண்டு அஞ்சி நடுங்கும் எளியவர். முன்னது அரண்மனையின் மருட்சியைக் கலைக்கிறது. பின்னது அம்மருட்சியை உறுதிப்படுத்துகிறது. அச்சம் கெடாமல் அதன் இறுக்கத்தை மட்டும் தளர்த்துவதால், பார்வையாளர் மீண்டும் மீண்டும் அரண்மனைக்குள் நுழையத் துணிகின்றனர். குடும்பத்துடன் பலமுறை பார்க்கத்தக்க அச்சப்படமாக இது நிலைபெற்றதன் நுட்பம் இங்கு உள்ளது.

பாரதி அரண்மனை வரலாற்றைச் சிரித்து ஒதுக்கிவிடவும் இல்லை. 1919இல் எட்டயபுரம் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், ‘வம்சமணி தீபிகை’யைத் தக்க தமிழ்நடையில் திருத்தி எழுதித்தர முன்வந்தார். அம்முயற்சி கைகூடவில்லை. அரண்மனையின் கதையை அரண்மனைப் புலவர் ஒருமுறை எழுதினார்; அதனை விட்டு வெளியேறிய கவிஞர் மறுமுறை எழுத விரும்பினார்; அவ்வாய்ப்பு தரப்படவில்லை. பிற்காலத்தில் பெருந்திரளான தமிழருக்கு அரண்மனையின் கதையைச் சொல்லும் பொறுப்பு திரைப்படத்துக்குச் சென்று சேர்ந்தது.

8. எரிக்கப்பட்ட உருவப்பொம்மை

படத்தின் தீர்வு சிறப்பாக ஆராயத்தக்கது. துர்காஷ்டமி நாளில் சரவணன் வேட்டையனாக வேடமிடுகிறார். சந்திரமுகியாகிய கங்காவின் கையில் தீப்பந்தம் தரப்படுகிறது. புகையும் சாம்பலும் கண்ணை மறைக்க, சரவணன் தப்புகிறார். வேட்டையனின் உருவப்பொம்மை எரிகிறது. பழிதீர்ந்ததாக நம்பிச் சந்திரமுகி விலக, கங்கா மீள்கிறாள். மருத்துவரும் மந்திரம் அறிந்த ஆசாரியரும் இச்செயலில் இணைந்து நிற்கின்றனர். அறிவியலுக்கும் நம்பிக்கைக்கும் இடையே யாரும் தோற்காத உடன்பாடு ஏற்படுகிறது.

வரலாற்றின் நோக்கில் இதன் பொருள் வேறு. கொலையுண்ட பெண்ணுக்கு நீதி வழங்கப்படுகிறது. அந்நீதி ஒரு நாடகம். அவள் ஏமாற்றப்படுவதே சிகிச்சை. உண்மையில் என்ன நிகழ்ந்தது என்று விசாரிப்பவர் இல்லை. அரண்மனை வாங்கியவரிடமே இருக்கிறது. அரசன் வேடத்தை அணிபவரும் நாயகரே. பார்வையாளரின் பேராரவாரம் எழுவது சந்திரமுகியின் பழிக்கு அன்று, வேட்டையனின் செருக்கு நிறைந்த சிரிப்புக்கே. தலைவெட்டியும் பெண்ணை எரித்தும் நின்ற கொடியவன், நட்சத்திரத்தின் உடலில் விரும்பத்தக்கவனாக மாறுகிறான். 2023இல் வெளியான இரண்டாம் பாகமும் வேட்டையனையே மீண்டும் தேடிச் சென்றது என்பது இவ்விருப்பத்தின் வலிமையைக் காட்டும்.

ஆயினும் படத்தை இதற்காகப் புறந்தள்ளுவது முறையாகாது. துர்கா என்னும் ஏழைப்பெண் மீது எழுந்த ஐயம் பொய்யென அது நிறுவுகிறது. நோயுற்ற பெண்ணை அடித்து விரட்டும் பேயோட்டு முறைக்கு மாறாக, அவளைப் புரிந்துகொள்ள முயலும் மருத்துவரை நாயகராக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரண்மனையில் ஒரு பெண் எரிக்கப்பட்டாள் என்ற செய்தியை அது மறைக்கவில்லை. தீர்வு பொய்யானது, எழுப்பிய நினைவு பொய்யானதன்று.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ‘சந்திரமுகி’யின் நீடித்த ஈர்ப்புக்கு நட்சத்திரம், நகைச்சுவை, இசை ஆகியவற்றுடன் ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. சட்டத்தால் 1947, 1948 ஆகிய ஆண்டுகளில் முடிவுற்ற இரு சமூகநிலைகள் தமிழர் மனத்தில் முடிவுறாமல் நின்றன. அவை அரண்மனைப் பேய்களாகத் திரையில் மீண்டன. பன்மொழி அரண்மனையின் இயல்பான தெலுங்கு, மொழிவழி அடையாளம் வலுப்பெற்ற காலத்தில் அந்நியமாக்கப்பட்டு, நோயின் குரலாகக் கேட்கப்படலாயிற்று. எட்டயபுரத்தின் சான்றுகள் இவ்விடைவெளியை அளக்க உதவுகின்றன.

எட்டயபுரம் அரண்மனை இன்றும் நிற்கிறது. அதனைப் போன்ற ஜமீன் அரண்மனைகளில் ஆடிய பெண்களின் பெயர்களும் அவர்கள் பயின்ற பதங்களும் அவர்கள் பெற்ற மானியங்களும், ஜமீன் ஆவணங்கள், குடும்பச் சுவடிகள், இசைக் குறிப்பேடுகள் ஆகியவற்றில் தேடப்பட வேண்டியவை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் நாவல் போன்ற எழுத்துகளும் அத்தேடலில் சேர வேண்டும். வம்சாவளி எழுதப்பட்டது அரசர்களுக்கு மட்டுமே. வேட்டையபுரத்தின் பூட்டிய அறையைத் திறந்த கங்காவுக்கு நோய் வந்தது என்று படம் கூறுகிறது. வரலாற்று ஆய்வாளர் திறக்க வேண்டிய அறையும் அதுவே.